காலையில் 410 காட்டினால் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டுமா?

ராயபுரத்தில் இருக்கும் ஒருவர் தம் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒன்பது வயதுக் கடுவன்; சில மாதங்களுக்கு முன் 5.4 கிலோ இருந்தது, இப்போது 4.3 கிலோ. பத்து நாட்களுக்கு முன் சர்க்கரை நோய் என்று உறுதியாகி, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் 1 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடும்படி கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டரில் பார்த்ததில் திங்கள் காலை 380, அன்று மாலை 190, செவ்வாய் காலை 410. ஊசி வேலை செய்யவில்லையா, 2 யூனிட்டாகக் கூட்டிவிடலாமா, அம்மாவுக்குப் போடும் இன்சுலின் குப்பி வீட்டிலேயே இருக்கிறதே அதையே போட்டால் என்ன, காதைத் தொட்டாலே பிறாண்டுகிற பூனையிடம் தினமும் எப்படி ரத்தம் எடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்பனராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் என் வீட்டில் சுறா என்று ஒரு கடுவனுக்கு 2020 முதல் 2024 வரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊசி போட்டவன். ஆகவே மனித ரத்தத்தைப் படித்த அறிவும், ஒரு பூனையிடம் பட்ட அனுபவமும் மட்டுமே கீழே உள்ளவற்றுக்கு அடிப்படை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: கூட்ட வேண்டாம். உங்கள் மூன்று எண்களில் கவலைக்குரியது 410 அன்று. கவனமாகப் பார்க்க வேண்டியது அந்த 190 தான். ஊசி வேலை செய்யாமல் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் 190 என்ற எண் உங்களுக்குக் கிடைத்திருக்காது. அன்று மதியம் எவ்வளவு இறங்கியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அப்போது பார்க்கவில்லை. அது 110 ஆகவும் இருந்திருக்கலாம், 80 ஆகவும் இருந்திருக்கலாம். அதன்மேல் அளவை இரட்டிப்பாக்கினால் மதியம் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் பூனை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளார்ஜின் செயல்படும் விதம் தெரிந்தால் பொறுமை தானாக வரும். குப்பியில் அது அமிலத் தன்மையோடு, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. தோலுக்கு அடியில் போனதும் உடலின் நடுநிலையில் அது நுண்ணிய படிவுகளாக உறைந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. நேற்றுப் போட்டதன் மிச்சம் இன்றைய ஊசியோடு சேர்ந்துகொள்கிறது. எனவே ஓர் அளவைத் தொடங்கினாலும் மாற்றினாலும் அது நிலைபெறுவதற்குப் பல நாட்கள் ஆகின்றன. ஐந்து முதல் ஏழு நாட்களாவது ஒரே அளவில் இருந்து பார்த்துவிட்டுத்தான் மருத்துவர்கள் அடுத்த முடிவை எடுக்கிறார்கள். மனிதர்கள் சிலர் காலையில் வந்த எண்ணைப் பார்த்து இன்றைக்கு இத்தனை யூனிட் என்று கூட்டிக் குறைத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தைப் பூனையிடம் கொண்டுவந்தால், காலையில் கூட்டி, மாலையில் குறைத்து, மறுநாள் எண் ஏன் ஏறியது என்று யாருக்குமே சொல்லத் தெரியாத ஒரு குழப்பத்தில்தான் முடியும். இதே காரணத்தால் அரை யூனிட்டைத் துல்லியமாக அளப்பதற்காகச் சலைன் கலந்து நீர்க்க வைப்பதும் கூடாது. கலந்த நொடியில் அதன் அமிலத் தன்மை கெட்டு, மருந்தின் குணமே மாறிவிடும்.

எண்ணை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். நலமான பூனைக்குச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 வரை இருக்கும். ஆனால் ஆட்டோவில் கூடைக்குள் கத்திக்கொண்டே போய், நாய் குரைக்கும் இடத்தில் மேசைமேல் நிற்கும் பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும் பயத்தினால் மட்டுமே 300 வரை ஏறக்கூடும். அதனால்தான் பூனையைப் பொறுத்தவரை மருத்துவமனையில் எடுத்த ஒரு எண்ணைவிட வீட்டில் எடுத்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். முந்தைய இரண்டு வாரங்களின் போக்கைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையை மருத்துவர் கேட்பதும் இந்தப் பயக் கணக்கை விலக்குவதற்குத்தான். வீட்டிலும்கூட, தீபாவளி வாரத்தில் தெருவே வெடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

முடிவு எடுப்பதற்குத் தேவையானது ஒரு நாள் முழுவதும் எடுத்த வரிசை. காலை ஊசிக்கு முன் ஒன்று, அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மாலை ஊசி வரை மொத்தம் ஏழு எண்கள். இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 378, 310, 240, 172, 128, 190, 300. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் மருந்து போதவில்லை என்பார். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு 128 வரை இறங்கியிருக்கிறது. இதற்குமேல் கூட்டினால் பள்ளத்தில் விழும். இன்னொரு பூனைக்கு 390, 370, 345, 330, 335, 360, 385 என்று வருகிறது. காலை எண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நாள் முழுவதும் 330-க்குக் கீழே வரவே இல்லை. இந்தப் பூனைக்கு மருத்துவர் அரை யூனிட்டோ ஒரு யூனிட்டோ கூட்டுவார். மேட்டைப் பார்த்து அல்ல, பள்ளத்தைப் பார்த்தே அளவு தீர்மானமாகிறது. அந்தப் பள்ளம் 80-க்கும் 150-க்கும் இடையில் இருப்பதே பொதுவாக நாடப்படுவது. பயன்படுத்தும் இன்சுலினையும் மீட்டரையும் பொறுத்து உங்கள் மருத்துவர் சற்று வேறு எல்லை சொல்லலாம்.

அந்தத் திங்கள் மாலையில் 190 வந்தபோது ஊசி போட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, ஊசி நேரத்தில் 200-க்குக் கீழே இருந்தால் உடனே போடாமல், உணவும் கொடுக்காமல், இருபது முப்பது நிமிடம் பொறுத்து மறுபடியும் பார்க்கச் சொல்வது வழக்கம். அப்போதும் ஏறவில்லை என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. உங்களுக்கான எல்லை எது என்று அவரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைப் பற்றி ஓர் ஆய்வகக்காரனின் குறுக்குப் பேச்சு. மனித ரத்தத்தில் சர்க்கரை, நீர்மத்திலும் சிவப்பணுக்களிலும் ஏறக்குறைய 58-க்கு 42 என்ற விகிதத்தில் பகிர்ந்து கிடக்கிறது. பூனையின் சிவப்பணுக்களுக்குள் சுமார் 7 பங்குதான், மற்றதெல்லாம் நீர்மத்தில். மனிதர்களுக்காகக் கணக்கிட்டுச் செய்த மீட்டர் இதை அறியாது. ஆகவே பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். விலங்குகளுக்கென்றே தயாரித்த மீட்டர்கள் உண்டு, ஸ்ட்ரிப் விலைதான் கையைக் கடிக்கும். என் கருத்தில், மனித மீட்டரே போதும். ஆனால் எப்போதும் ஒரே மீட்டராக இருக்க வேண்டும், எந்த மீட்டர் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைவாகத்தானே காட்டும் என்ற தைரியத்தில் ஒரு தாழ்ந்த எண்ணை மட்டும் அலட்சியம் செய்துவிடாதீர்கள்.

உயர்ந்த எண்ணுக்கு வாரக் கணக்கு, தாழ்ந்த எண்ணுக்கு நிமிடக் கணக்கு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சுறாவுக்கு மூன்றாவது வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் காலை 420-க்கு மேல் வந்தது. முப்பது வருடம் சுகர் ரிப்போர்ட் எழுதியவன் என்ற நினைப்பில் யாரையும் கேட்காமல் 1 யூனிட்டை 2 ஆக்கினேன், நான்கு நாள் கழித்து 3 ஆக்கினேன். ஐந்தாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அடுப்படி வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து வர முயன்றது; பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கமாகச் சரிந்தன; எழுந்து, மறுபடி சரிந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. விளக்கைப் போட்டும் கண்ணின் கருவிழி சுருங்காமல் முழு வட்டமாகவே இருந்தது. மீட்டரில் 42. தேனை விரலில் தொட்டு உதட்டைத் தூக்கி ஈறில் தடவினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி தடவினேன். தலையைத் தூக்கி நக்கத் தொடங்கிய பிறகு வேகவைத்த கோழியைக் கொடுத்தேன். விடியும்வரை கால் மணிக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தோலடியில் மருந்து கரைந்துகொண்டேயிருப்பதால் ஒருமுறை ஏற்றிவிட்டால் ஏறியே இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த மூன்று நாள் 420-க்கான காரணம் மருந்துக் குறைவே அல்ல என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் தேனோ குளுக்கோஸ் பவுடரோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், பூனை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உணவு கொடுத்துவிட்டு அருகிலேயே இருங்கள், மருத்துவரை அழையுங்கள். 50-க்குக் கீழே என்றாலோ, எண் எதுவாயினும் தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, வழக்கத்துக்கு மாறான அகோரப் பசி என்றாலோ, தேனை ஈறில் தடவிவிட்டு உடனே புறப்படுங்கள். வலிப்பு வந்திருக்கும் பூனையின் வாய்க்குள் விரலை விடவோ எதையும் ஊற்றவோ கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உதட்டின் உட்புறத்தில் தடவினால் போதும். இரவில் எங்கே மருத்துவர் இருப்பார் என்பதை இன்று பகலிலேயே விசாரித்து, எண்ணைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவு இல்லை. ஆனால் எந்தப் பிரிவு எந்த நேரத்தில் பார்க்கிறது என்பதை நெருக்கடி வருமுன் ஒருமுறை நேரில் போய்த் தெரிந்துகொள்வது நல்லது.

இனி அம்மாவின் இன்சுலின். கூடவே கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்குப் போடுவது பெரும்பாலும் விரைவாகச் செயல்படுவதையும் நடுத்தர வேகத்தில் செயல்படுவதையும் 30-க்கு 70 என்று கலந்த கலங்கலான மருந்து. பூனையின் உடலில் அது சட்டென்று இறக்கிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் நிற்காமல் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. முன்னதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. லாண்டஸ் போன்ற கிளார்ஜின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 1 யூனிட் அன்று, 2.5 யூனிட். நான்கு கிலோப் பூனைக்கு இது சிறிய பிழை அல்ல.

ஒருமுறை எங்கள் பகுதி மருந்துக் கடையொன்றில் ஆரஞ்சு மூடி தீர்ந்துபோய், எல்லாம் ஒன்றுதான் சார் என்று சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் மூடியைக் கவனிக்கவில்லை. இழுத்தபோது கண்தான் காப்பாற்றியது. 1 யூனிட் என்பது நூறில் ஒரு மில்லி; ஊசியின் அடிவாரத்தில் ஒரு நூலிழை அளவுக்குத்தான் மருந்து தெரியும். அன்று அது ஒரு பட்டையாகத் தெரிந்தது. இந்த அளவு எவ்வளவு சிறியது என்பது உங்கள் கண்ணுக்கும் பழக வேண்டும். 0.3 மில்லிச் சிரிஞ்சில், அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு மில்லிச் சிரிஞ்சில் பல சமயம் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான் இருக்கும், அதில் ஒன்றையும் ஒன்றரையையும் பிரிப்பது குருட்டு யூகம்.

ஊசி போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. போடும்போது பூனை திமிறி, உரோமம் ஈரமாகி, மருந்து உள்ளே போனதா வெளியே சிந்தியதா என்று ஐயம் வந்தால், மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரண்டு முறை போட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து. அதேபோல் பூனை சாப்பிடாமல் இருந்தால் வழக்கமான முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

காதில் குத்துவதற்குப் பழக்குவது பத்து நாளில் முடிகிற காரியம் அன்று. முதல் வாரம் குத்தவே வேண்டாம் என்பேன். ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில் அது தையல் மெஷினின் மரமூடி. தினமும் அதே நேரத்தில் அங்கே உட்காரவைத்து, காதைத் தொட்டு, லேசாகத் தடவி, ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுத்து இறக்கிவிடுங்கள். பிறகு மீட்டரின் சத்தத்தைக் கேட்கவிட்டுக் கோழி. பிறகு காதைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக் கோழி. குத்துவது நடு ரத்தக்குழாயில் அன்று. காதின் வெளி விளிம்பையொட்டி ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் இடையில். காதின் பின்பக்கம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் விரலில் குத்திக்கொள்ளாமல் தப்பலாம். வாசலினை நகநுனி அளவு தடவிவிட்டுக் குத்தினால் ரத்தம் உரோமத்தில் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். மார்கழிக் காலையில் காது குளிர்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். சித்திரையில் அதற்குத் தேவை இராது. எடுத்தபின் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் காது கன்றாது. இரண்டு முறை குத்தியும் வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், கோழியை மட்டும் கொடுத்துவிடுங்கள். ஆனால் தள்ளாட்டம் போன்ற அறிகுறி இருக்கும்போது இந்தச் சலுகை இல்லை. எண் கிடைக்காவிட்டாலும் தேன் தடவிப் புறப்பட வேண்டியதுதான். இரண்டாவது மாத முடிவில் சுறா ஆறு மணி அடிப்பதற்கு முன்பே மெஷின் மூடிமேல் ஏறி, காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கோழிக்கு நேரமாகிவிட்டது என்று என்னைப் பார்த்துக் கத்தும்.

எதற்கும் அசையாத பூனையாக இருந்தால் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற ஒட்டுக் கருவி உண்டு. மனிதர்களுக்காகச் செய்தது, தோளருகில் உரோமத்தை மழித்து மருத்துவர் ஒட்டிவிடுவார், 14 நாள் வரை அளக்கும். பூனைகள் அதற்குமுன்பே பிறாண்டிப் பிய்த்துவிடுவதும் உண்டு. அது தோலடி நீர்மத்தின் சர்க்கரையைத்தான் காட்டுகிறது என்பதால் ரத்தத்தைவிடச் சற்றுப் பின்தங்கும். தாழ்ந்த எண் வந்தால் காதிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் பாக்கி வைத்த 420-க்கு வருகிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரே சுவர்தான். ஒரு நாள் விடியற்காலையில் துணி எடுக்கப் போனபோது, அந்தப் பக்கத்தில் ஒரு பாட்டி கிண்ணத்தில் பால் சோறு வைத்துக்கொண்டிருக்க, சுறா தலையை நிமிர்த்தாமல் தின்றுகொண்டிருந்தது. “எலும்பும் தோலுமா கெடக்குது, பசில கத்துது, நீங்க ஊசியா போட்டுக் கொல்றீங்களேப்பா” என்றார் அவர். அவர் மகள் வீட்டிலிருந்து வந்து தங்கும் நாட்களில் எல்லாம் இது நடந்திருக்கிறது. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். 400-க்கு மேல் இருந்த காலைகள் எல்லாம் அவர் இருந்த நாட்கள்தான். நோய்க்கு மருந்து கூட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்த நான், சோற்றுக்குத்தான் மருந்து கூட்டியிருக்கிறேன்; பாட்டி ஊருக்குப் போன நாளில் அந்த 3 யூனிட் அதன் உயிரைக் கேட்டது. பூனை வெளியே போய்வரும் வீடாக இருந்தால் குறைந்தது முதல் மூன்று மாதம் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நான்கு பக்கத்து வீடுகளிலும் சொல்லிவையுங்கள்.

உணவில்தான் நம் பக்கத்து வீடுகளின் உண்மையான சிக்கல் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த மீனின் தலையும் வாலும் ஒரு பிடி சோறும் பிசைந்து வைப்பதே இங்கே பூனைச் சாப்பாடு. பூனை ஊனுண்ணி, மாவுச்சத்தைச் செரித்துப் பயன்படுத்தும் வசதி அதற்கு மிகக் குறைவு. நோயுள்ள பூனைக்குக் கிடைக்கும் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பல உலர் தீவனங்களில் அது முப்பது சதவீதம்கூட இருக்கும். ஈரப்பதமுள்ள பை உணவுகள் பெரும்பாலும் மேல், குழம்போடு இருப்பவற்றைவிடக் களிபோல் இருப்பவை இன்னும் மேல். வெறும் மீனை மட்டும் கொடுத்து வளர்ப்பதும் சரியல்ல, சத்துக் குறைபாடு வரும். நெத்திலி, மத்தி போன்றவற்றைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி தயமின் வைட்டமினை அழித்துவிடும் என்பதால் வேகவைத்தே கொடுக்க வேண்டும். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு, குழம்பிலிருந்து எடுத்த துண்டை அலசிக் கொடுப்பதும் கூடாது.

ஆனால் இதைப் படித்தவுடன் நாளைக் காலையே சோற்றை நிறுத்திவிடாதீர்கள். சோறு தின்ற பூனைக்கு ஏற்ற அளவு, சோற்றை நிறுத்திய பூனைக்கு அதிகமாகிவிடும். ஒரே வாரத்தில் பெரிய அளவில் இறங்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். அந்த நாட்களில் மதிய நேரத்து எண்ணைக் கட்டாயம் பாருங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது ஆபத்து. ஓரிரு நாட்களுக்கு மேல் சாப்பிடாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிவிடலாம்.

எண்களைவிட நான் நம்பியவை வேறு சில. காலையில் கிண்ணத்தில் 250 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளப்பேன். கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிகை. மருந்து பிடிக்கத் தொடங்கியதும் முதலில் குறைவது இதுதான். பூனை சிறுநீர் கழிக்கும் மண் தட்டில் மொய்க்கும் எறும்பு இன்னொன்று. சுறாவின் நோய் எங்களுக்குத் தெரிந்ததே, மாடிப்படி ஓரத்தில் அது நனைத்த இடத்தில் கட்டெறும்பு வரிசை கட்டியதைப் பார்த்துத்தான். எடைக்கு, மளிகைக் கடைத் தராசைப் போன்ற துல்லியமான கருவி வேறில்லை. மாதம் இரண்டு முறை கட்டைப் பையில் உட்காரவைத்துக் கொண்டுபோவேன், பருப்புக்கு வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். பின்னங்காலின் நடையையும் பாருங்கள். நீண்ட நாள் சர்க்கரை உயர்ந்திருந்தால் நரம்பு பாதித்து, விரலால் நடக்கும் பூனை குதிகாலைத் தரையில் பதித்து முயல்போல நடக்கும். கட்டுக்குள் வந்தால் பல மாதங்களில் அது சரியாவதும் உண்டு. சுறா மீண்டும் கைப்பிடிச் சுவரில் தாவுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

உயர்ந்த எண்ணுக்குப் பொறுமை என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. எண் உயர்ந்திருப்பதோடு வாந்தி, உணவு மறுப்பு, சோர்ந்து ஒதுங்குதல், பழம் அழுகியதுபோன்ற மூச்சு வாடை ஆகியவையும் சேர்ந்தால் அது கீட்டோன் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறிய நிலையாக இருக்கலாம். அதற்குப் பொறுத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சலைன் ஏற வேண்டும்.

மருத்துவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: கடந்த ஓராண்டில் தோல் அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டெராய்டு ஊசி, மாத்திரை ஏதும் கொடுக்கப்பட்டதா என்பதை. பூனைகளுக்கு இந்நோயைத் தூண்டிவிடும் காரணங்களில் அது முக்கியமானது. பல் நோய், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவை இருந்தாலும் இன்சுலின் சரியாகப் பிடிக்காது. தொடக்கத்திலேயே நன்றாகக் கட்டுக்குள் வரும் பூனைகளில் சில, சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. நாயைவிடப் பூனைக்கு இந்த வாய்ப்பு அதிகம். சுறாவுக்கு அது கிட்டவில்லை. கடைசிவரை ஒன்றரை யூனிட்டில் இருந்தது, கடைசியில் சிறுநீரகம் கெட்டுத்தான் போனது.

மருந்தைக் குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குப்பியை டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்துச் சமாளித்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பானை சில டிகிரிதான் குறைக்கும் என்றாலும், பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்குள் சில நாட்கள் இருந்தால் கெட்டுவிடாது. கோடையில் இது போதாது. ஐஸ் வைத்த டப்பாவில், ஐஸ் நேரடியாகக் குப்பியில் படாமல் துணி சுற்றி வைக்க வேண்டும். தெளிவாக இருந்த மருந்து கலங்கினால் விலையைப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: 1 யூனிட்டிலேயே இருங்கள். வீட்டில் யாராவது நாள் முழுவதும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், காது அதற்குள் பழகியிருந்தால், ஆறு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த ஏழு எண்களை எடுங்கள். பழகவில்லை என்றால் பிற்பகல் இரண்டு மணியையொட்டி ஒன்றாவது எடுங்கள். பக்கத்திலேயே என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் எழுதுங்கள். திங்களன்று மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளோடு, நீங்கள் பயன்படுத்தும் சிரிஞ்சையும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மூடியின் நிறத்தை அவர் ஒருமுறை பார்க்கட்டும்.